கோழி செத்த ஊரும் தேதியும்

ஏ/கூஸ்/குவாங்டாங்/1/1996. பார்த்தால் அரசு அலுவலகக் கோப்பு எண் மாதிரி இருக்கும், ஆனால் இது ஒரு வைரஸின் முழுப்பெயர். முதல் எழுத்து, இன்ஃப்ளுயன்சாவில் அது எந்த வகை என்பது. அடுத்தது யார் உடம்பில் கிடைத்தது என்பது. கூஸ் என்றால் பெரிய வாத்து. அதற்கடுத்து ஊர், அப்புறம் வரிசை எண், கடைசியில் வருடம். 1996இல் தெற்குச் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு பண்ணை வாத்திடமிருந்து எடுத்த வைரஸ் இது. கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கண்டம் விட்டுக் கண்டம் போய்ப் பறவைகளைக் கொன்றுவரும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ்களின் எச்5 மரபணு இந்த ஒற்றை வாத்தின் வைரஸ் வழியில் வந்ததுதான்.

அடுத்த வருடம், 1997 மே மாதம், ஹாங்காங்கில் மூன்று வயதுப் பையன் ஒருவன் காய்ச்சல் வந்து இறந்துபோனான். அவனிடமிருந்து எடுத்த வைரஸின் பெயர் ஏ/ஹாங்காங்/156/97. இதில் நடுவில் விலங்கின் பெயர் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். விலங்கின் பெயர் இல்லையென்றால் அது மனிதனிடமிருந்து எடுத்தது என்று அர்த்தம், பெயர் வைக்கும் விதியே அப்படி. அந்தப் பையனின் மாதிரியில் இன்ஃப்ளுயன்சா இருக்கிறது என்று தெரிந்தது, ஆனால் கையில் இருந்த எந்தப் பரிசோதனைக்கும் அது பிடிபடவில்லை. வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பி, இது எச்5என்1, இதுவரை கோழியிடம்தான் பார்த்திருக்கிறோம் என்று பதில் வருவதற்குள் ஆகஸ்ட் ஆகிவிட்டது. மூன்று மாதம். அந்த வருடக் கடைசிக்குள் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள், ஹாங்காங்கில் இருந்த சுமார் 15 லட்சம் கோழிகளையும் கொன்ற பிறகுதான் அது அடங்கியது.

இந்தப் பெயரில் இருக்கும் மூன்று விஷயங்கள், அதாவது எந்த உயிர், எந்த ஊர், எந்தக் காலம், இவை இல்லாமல் வைரஸின் மரபணு வரிசையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நான் சொல்ல வருவது இதைத்தான். வரிசையைப் படிக்கும் வேலை இப்போது மலிவாகிவிட்டது, வேகமாகிவிட்டது. அதோடு ஊரும் தேதியும் சேர்ந்து சீக்கிரம் வெளியே வருவதுதான் இன்னமும் நடக்கமாட்டேன் என்கிறது.

முதலில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

சின்ன வயதில் ஒரு கோடையில் எங்கள் வீட்டுக் கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன, சிறகைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தன, இரண்டு கோழிகளுக்குக் கழுத்து அப்படியே பின்னால் முறுக்கிக்கொண்டது. பாட்டி “சீக்கு வந்துடுச்சு” என்றாள், அத்தோடு முடிந்தது. எந்தச் சீக்கு என்று கேட்கவும் ஆளில்லை, கேட்டாலும் சொல்லவும் ஆளில்லை. இப்போது யோசித்தால் அது வெள்ளைக்கழிச்சலாக இருந்திருக்கும், கால்நடை மருத்துவர்கள் ராணிக்கேட் நோய் என்பார்களே, அது. ஆனால் கடுமையான பறவைக் காய்ச்சலும் ஏறக்குறைய இப்படித்தான் கொல்லும். கொண்டை நீலம் பாய்ந்து, முகம் வீங்கி, ஒரே ராத்திரியில் கூண்டு கூண்டாகச் செத்துக் கிடக்கும். இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

அதனால்தான் மாதிரி எடுக்கிறார்கள். செத்த பறவை அல்லது சாகக் கிடக்கும் பறவையின் தொண்டைக்குழியிலும் எச்சத்துவாரத்திலும் பஞ்சுக்குச்சியைச் சுழற்றி எடுத்து, குழாயில் இருக்கும் திரவத்தில் போட்டு மூடி, மேலே சீட்டு ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். இந்தியாவில் பறவைக் காய்ச்சல் சந்தேகம் என்றால் அந்தப் பெட்டி போபாலில் இருக்கும் தேசிய உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வு நிறுவனத்துக்குப் போகும். அங்கே வைரஸைச் செயலிழக்கச் செய்து அதன் ஆர்என்ஏவை மட்டும் பிரிப்பார்கள். பிசிஆர் சோதனை “ஆமாம், எச்5 இருக்கிறது” என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் அது வாசலில் நின்று “வீட்டில் ஆள் இருக்கிறதா” என்று கேட்பது மாதிரி. வந்திருப்பது யார், எந்த வழியாக வந்தார் என்று தெரிய வேண்டுமென்றால் முழு வரிசையையும் படிக்க வேண்டும்.

இன்ஃப்ளுயன்சா ஏ வைரஸின் மரபணுத்தொகுதி எட்டுத் தனித்தனித் துண்டுகள். ஆர்என்ஏவின் ஒவ்வொரு அலகையும் ஒரு எழுத்தாக எண்ணினால் எல்லாம் சேர்த்து சுமார் 13,500 எழுத்து, கிட்டத்தட்ட இந்தக் கட்டுரை அளவுதான். மனிதனுக்கு அது 300 கோடி. எட்டுத் துண்டும் எட்டு வேறு வேலை செய்தாலும், எல்லாவற்றின் ஒரு முனையில் ஒரே 12 எழுத்தும் மறு முனையில் ஒரே 13 எழுத்தும் அனேகமாக மாறாமல் இருக்கும். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி எழுதினால் அந்த முதல் முனை ஏஜிசிஏஏஏஏஜிசிஏஜிஜி என்று வரும். பறவைக் காய்ச்சல் ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது மனப்பாடமாக இருக்கும். எட்டு வீட்டுக்கும் ஒரே சாவி என்பதால், இந்த இரண்டு முனைகளுக்குப் பொருந்தும் துணுக்குகளை மட்டும் போட்டு எட்டுத் துண்டையும் ஒரே குழாயில் கோடிக்கணக்கில் பெருக்கிவிடலாம். அப்புறம் படிக்கும் கருவி. இலுமினா கருவிகள் சின்னச் சின்னத் துணுக்காக லட்சக்கணக்கில் படிக்கும், கணினி அவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி முழு வரிசையாக்கும். ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர் நிறுவனத்தின் மினயான் உள்ளங்கையில் அடங்கும். நுண்துளை ஒன்றின் வழியாக இழையை நுழையவிட்டு, ஒவ்வொரு எழுத்தும் கடக்கும்போது மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று பார்த்தே எழுத்தைச் சொல்லிவிடும். மடிக்கணினியோடு இணைத்துச் சந்தைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கலாம்.

வரிசை கையில் வந்ததும் வைராலஜிக்காரர்கள் முதலில் தேடுவது ஒரே ஒரு இடத்தைத்தான். எச்ஏ என்ற புரதம் வைரஸின் மேலே முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பது, எச்5 என்பதில் வரும் எச் இதுதான். அது ஒரே துண்டாகத் தயாராகும், இரண்டாக வெட்டுப்பட்டால்தான் வைரஸ் அடுத்த செல்லுக்குள் நுழைய முடியும். வெட்டும் கத்தரி வைரஸிடம் கிடையாது, பறவையின் உடம்பில் இருக்கும் நொதிதான் வெட்டித்தர வேண்டும். சாதுவான வைரஸில் அந்த வெட்டும் இடம் பி-கியூ-ஆர்-இ-டி-ஆர் என்று இருக்கும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு அமினோ அமிலம், ஆர் என்றால் அர்ஜினின். இதை வெட்டும் நொதி குடலிலும் மூச்சுப்பாதையிலும்தான் இருக்கிறது, அதனால் வைரஸும் அங்கேயே இருந்துவிடும். காட்டு வாத்துகள் இந்த மாதிரி வைரஸை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாதது போல நீந்திக்கொண்டிருக்கும்.

இப்போது பரவும் கொலைகார வகையில் அதே இடம் பி-எல்-ஆர்-இ-கே-ஆர்-ஆர்-கே-ஆர். கே என்பது லைசின். அர்ஜினினும் லைசினும் இப்படி வரிசைகட்டி நின்றால் ஃபியூரின் என்ற இன்னொரு நொதி வெட்டிவிடும், அது இல்லாத செல்லே உடம்பில் இல்லை எனலாம். மூளை, இதயம், ஈரல், கணையம் எல்லா இடத்திலும் வைரஸுக்குக் கதவு திறந்துவிடுகிறது. கோழி ஒரே நாளில் சாவதற்குக் காரணம் இந்த நாலைந்து எழுத்துதான். வரிசையில் இந்த இடத்தைப் பார்த்தாலே, கோழிக்கு ஊசி போட்டுச் சாகிறதா என்று காத்திருக்காமல், இது கடும்வகை என்று எழுதிவிடலாம்.

அந்தக் கூடுதல் எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்று துருவினால் இன்னும் வியப்பாக இருக்கும். சிலியில் 2002இல் எச்7என்3 வைரஸ் ஒன்று சாதுவாக இருந்து திடீரென்று கொல்ல ஆரம்பித்தது. படித்துப் பார்த்தால், வெட்டும் இடத்தில் 30 ஆர்என்ஏ எழுத்து புதிதாகச் சொருகியிருக்கிறது, அது அதே வைரஸின் இன்னொரு துண்டிலிருந்து கிழித்து ஒட்டியது. மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் 2012இல் வந்த எச்7என்3இல் சொருகியிருந்த 24 எழுத்து வைரஸுடையதே இல்லை. கோழியின் சொந்த ரைபோசோம் ஆர்என்ஏவிலிருந்து எடுத்தது. எந்தப் பறவையைக் கொன்றதோ அதன் துணுக்கையே கத்திமுனையாக வைத்துக்கொண்டது. இதை முதன்முறை படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளைக்கழிச்சலிலும் இதே கதைதான். அந்த வைரஸ் வேறு குடும்பம், மரபணுத்தொகுதி சுமார் 15,200 எழுத்து, ஒரே நீளத் துண்டு. ஆனால் அதற்கும் வெட்டுப்பட வேண்டிய எஃப் புரதம் இருக்கிறது, அதற்கும் அர்ஜினின் லைசின் கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் 1998இல் வெள்ளைக்கழிச்சல் வெடித்தபோது வெளிநாட்டிலிருந்துதான் யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும் என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். வரிசையைப் பார்த்ததும் தெரிந்தது: அந்த நாட்டுக் கோழிகளிடம் ஏற்கெனவே சாதுவாக இருந்த வைரஸே வெட்டும் இடத்தில் எழுத்து மாறி இப்படி ஆகியிருக்கிறது. விமான நிலையத்தில் எவ்வளவு சோதனை போட்டிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது.

இது ஒரே ஒரு வைரஸை வைத்துப் படிப்பது. பத்து, நூறு, ஆயிரம் வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஊரும் தேதியும் வேலைக்கு வருகின்றன.

இன்ஃப்ளுயன்சா தன்னைப் படியெடுக்கும்போது பிழை விடும், திருத்தும் வசதி அதற்கு இல்லை. எச்5 மரபணுவில் ஆயிரம் எழுத்துக்கு வருடத்துக்கு நாலைந்து எழுத்து என்ற கணக்கில் மாற்றம் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு வைரஸுக்கு இடையே எத்தனை எழுத்து வித்தியாசம் என்று எண்ணினால் இரண்டும் எப்போது பிரிந்தன என்று கணக்கிடலாம். ஆனால் இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது எது என்றால், மாதிரியை எடுத்த தேதி. எந்த வைரஸ் எந்த மாதம் எடுத்தது என்று தெரிந்தால்தான் கடிகாரம் ஓடும். “2024” என்று மட்டும் எழுதியிருந்தால், ஜனவரியா டிசம்பரா என்று தெரியாமல், கணக்கு மாதக்கணக்கில் குழம்பிப்போகும்.

சரியாக எழுதியிருந்தால் என்ன தெரியும்? 2004 அக்டோபரில் பிரசெல்ஸ் விமான நிலையத்தில் ஒருவரின் கைப்பெட்டியில் இரண்டு கழுகுகளைப் பிடித்தார்கள், தாய்லாந்திலிருந்து கடத்தி வந்தவை. இரண்டிலும் எச்5என்1 இருந்தது, வரிசை தாய்லாந்து வைரஸ்களோடு ஒட்டியது. இது பறந்து வரவில்லை, விமானத்தில் வந்தது. 2005இல் சீனாவின் சிங்காய் ஏரியில் ஆயிரக்கணக்கில் பறவைகள் செத்தன, பெரும்பாலும் பட்டைத்தலை வாத்துகள். கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வருமே, அதே இனம். அந்த வைரஸின் வாரிசுகள் அடுத்த சில மாதங்களில் ஐரோப்பா, ஆப்பிரிக்கா எல்லாம் போய்ச் சேர்ந்தன, 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர்ப் பண்ணைகளில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சலாக வந்ததும் அதே கிளைதான். வலசைப் பறவை கொண்டுவருகிறதா, கோழி வியாபாரம் கொண்டுவருகிறதா என்ற சண்டை இருபது வருடமாக நடக்கிறது. இரண்டும்தான் என்பதே என் புரிதல். எந்த ஊருக்கு எது என்பதை அந்த ஊர் வரிசைதான் சொல்ல முடியும், பொதுவாகப் பேசி ஒரு பிரயோஜனமும் இல்லை.

அப்புறம் அட்லாண்டிக்கைத் தாண்டிய கதை. 2021 டிசம்பரில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு பண்ணையில் கோழி, வாத்து, மயில் என்று பல பறவைகள் சாக ஆரம்பித்தன. வரிசை, அதே வருடம் வசந்தத்தில் வடமேற்கு ஐரோப்பாவில் பரவிய, 2.3.4.4பி என்று எண் போட்ட எச்5 கிளையோடு பொருந்தியது. கடல் தாண்டி வந்த ஏதோ ஒரு காட்டுப் பறவை கொண்டுவந்திருக்கிறது. அங்கே ஏற்கெனவே இருந்த வட அமெரிக்கச் சாது வைரஸ்களோடு துண்டு மாற்றிக்கொண்டது. எட்டுத் துண்டாக இருப்பதன் ஆபத்தே இதுதான். ஒரே வாத்துக்குள் இரண்டு வைரஸ் சேர்ந்தால், இதில் நாலு அதில் நாலு என்று கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டு மாதிரி புது வைரஸ் வெளியே வரும். 2022 கடைசியில் பெருவின் கடற்கரையில் கூழைக்கடாக்கள், 2023 தொடக்கத்தில் கடல் சிங்கங்கள், அந்த வருடம் அக்டோபரில் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் யானை சீல் குட்டிகள். அங்கே மட்டும் செத்த குட்டிகள் சுமார் 17,000. அதே அக்டோபரில் தெற்கு அட்லாண்டிக் கடலில் இருக்கும் தெற்கு ஜார்ஜியாவின் பேர்டு தீவில் ஸ்குவா என்ற கடற்பறவைகள் நடுங்கிக்கொண்டு விழுந்தன. மாதிரிகள் இங்கிலாந்துக்குப் போய், தென் அமெரிக்காவிலிருந்து வந்த வைரஸ் என்று தெரிந்தது. இரண்டே வருடத்தில் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அண்டார்டிகாவின் வாசல் வரை.

யானை சீல்களுக்குப் பறவைகளிடமிருந்துதான் வந்ததா, தங்களுக்குள்ளேயே பரவியதா? பிணத்தைப் பார்த்தால் தெரியாது. சிலி, பெரு, அர்ஜென்டினா மூன்று நாட்டிலும் கடற்பாலூட்டிகளிடம் எடுத்த வைரஸ்களில், பிபி2 என்ற துண்டில் 591ஆம் இடத்திலும் 701ஆம் இடத்திலும் ஒரே மாதிரி மாற்றம் இருந்தது. பறவையிலிருந்து ஒவ்வொரு முறையும் தனித்தனியாக வந்திருந்தால் இப்படி ஒன்றுபோல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பாலூட்டியிலிருந்து பாலூட்டிக்குப் பரவியிருக்கிறது என்பதற்கு வலுவான சாட்சி இது.

பிபி2 பற்றிச் சொல்லும்போது 627ஆம் இடத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. பறவை வைரஸில் அங்கே குளூட்டாமிக் அமிலம், மனிதனுக்குப் பழகிய வைரஸில் லைசின். அதற்கு ஒரே ஒரு எழுத்து, ஜி இருக்கும் இடத்தில் ஏ வந்தால் போதும். பறவையின் உடம்பு சுமார் 41 டிகிரி, நம் மூக்கு 33 டிகிரிதான் இருக்கும். அந்தக் குளிரில் படியெடுக்கும் வேலை தடங்காமல் நடக்க இந்த மாற்றம் உதவுகிறது. ஆனால் இந்த ஒரு எழுத்து மாறிவிட்டது என்றதும் “அடுத்த பெருந்தொற்று வந்துவிட்டது” என்று தலைப்பு போடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. சிங்காய் ஏரி வைரஸில் 2005லேயே இந்த மாற்றம் இருந்தது, அதன் வாரிசுகள் அதைச் சுமந்துகொண்டு மூன்று கண்டம் சுற்றின, மனிதர்களிடையே பெருந்தொற்று வரவில்லை. எழுத்து எச்சரிக்கும், ஜோசியம் சொல்லாது.

வேகமாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்குக் கம்போடியா. 2023 பிப்ரவரியில் பிரே வெங் மாகாணத்தில் 11 வயதுச் சிறுமி எச்5என்1 வந்து இறந்தாள், அவள் அப்பாவுக்கும் தொற்று இருந்தது. உலகமே பதறிய நேரம் அது. கடல் சிங்கங்களைக் கொல்லும் 2.3.4.4பிதான் மனிதனுக்கு மனிதன் பரவ ஆரம்பித்துவிட்டதா? நோம் பென்னில் இருக்கும் பாஸ்டர் நிறுவனம் ஒரே நாளில் வரிசையைப் படித்து வெளியே போட்டுவிட்டது. அது 2.3.2.1சி, அந்தப் பகுதிக் கோழி வாத்துகளிடம் பல வருடமாகச் சுற்றும் உள்ளூர்க் கிளை. கிராமத்தில் செத்த பறவைகளிடமிருந்து இருவருக்கும் தனித்தனியாக வந்திருக்கிறது என்று விசாரணை முடிந்தது. ஹாங்காங் பையனுக்கு மூன்று மாதம் ஆனதை இதோடு வைத்துப் பாருங்கள். இந்த ஒரு நாள் வேலையால் எத்தனை வதந்தி முளையிலேயே நின்றது! அதைச் செய்தது பணக்கார நாடு ஒன்றும் கிடையாது.

பணக்கார நாட்டில் என்ன நடந்தது? 2024 மார்ச் 25 அன்று டெக்சாசிலும் கேன்சசிலும் கறவை மாடுகளிடம் எச்5என்1 இருப்பதாக அமெரிக்க வேளாண்துறை அறிவித்தது. பறவை வைரஸ் மாட்டு மடியில் பெருகுகிறது என்பது அதுவரை யாரும் எதிர்பார்க்காத செய்தி. பெருமளவு வரிசைத் தரவு பொதுவெளிக்கு வந்தது ஏப்ரல் 21இல், கிட்டத்தட்ட நாலு வாரம் கழித்து. வந்ததும் எப்படி வந்தது? 200க்கும் மேற்பட்ட மாதிரிகள், எல்லாம் கருவி துப்பிய கச்சாத் தரவு, ஊர் என்ற இடத்தில் “அமெரிக்கா”, தேதி என்ற இடத்தில் “2024”. எந்த மாநிலம் என்றுகூட இல்லை. அரிசோனா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் வொரோபி உட்படப் பலர் ராத்திரி பகலாக உட்கார்ந்து அந்தக் கச்சாத் தரவை ஒட்டவைத்து, எந்த வைரஸ் எதன் வாரிசு என்று காட்டும் வம்சாவளி மரம் போட்டார்கள். அந்தத் தரவில் இருந்த மாடுகளின் வைரஸ் எல்லாம் ஒரே கிளை, பறவையிலிருந்து மாட்டுக்கு ஒரே முறைதான் தாவியிருக்கிறது, அதுவும் 2023 கடைசியிலோ 2024 தொடக்கத்திலோ. அதாவது அறிவிப்பு வருவதற்குச் சில மாதம் முன்னாலேயே மாட்டிலிருந்து மாட்டுக்குப் பரவிக்கொண்டிருந்திருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் கறவை மாடுகளைச் சோதிக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது ஏப்ரல் கடைசியில். அடுத்த ஒரு வருடத்துக்குள் 1,000க்கும் மேற்பட்ட மந்தைகள் பாதிக்கப்பட்டன. தேதியும் மாநிலமும் முதலிலேயே சேர்ந்து வந்திருந்தால் எந்த வழியாகப் போகிறது என்று வாரக்கணக்கில் முன்கூட்டியே கண்டிருக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பண்ணைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை நான் லேசாக நினைக்கவில்லை. நாமக்கல் பக்கம் போய்க் கேளுங்கள். எங்கோ கேரளத்தில் வாத்துக்குக் காய்ச்சல் என்று டிவியில் ஒரு வரி ஓடினால் இங்கே முட்டை விலை சரியும், கோழிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளிடம் எச்5என்8 வந்தபோது எல்லைச் சோதனைச்சாவடிகளில் வண்டிகளை நிறுத்தினார்கள். ஊர் பேர் வெளியே வந்தால் பிழைப்பு போய்விடும் என்று ஒருவர் பயந்தால் அது பொய்ப் பயம் கிடையாது. ஆனால் யாரும் பண்ணையின் பெயரைக் கேட்கவில்லை. மாவட்டமும், மாதிரி எடுத்த வாரமும், எந்தப் பறவை என்பதும் போதும், கடிகாரமும் ஓடும் மரமும் நிற்கும். பண்ணைக்காரர் பெயரை மறைப்பதற்காக மாவட்டத்தையே மறைப்பது, மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துகிற வேலை.

நாடுகளுக்கு இடையிலும் இதே இழுபறி உண்டு, அதில் இன்னும் ஆழமான காயம் இருக்கிறது. 2006இல் எச்5என்1 வரிசைகள் கடவுச்சொல் போட்ட ஒரு தரவுத்தளத்தில் இருந்தன, சுமார் 15 ஆய்வகங்கள் மட்டும்தான் பார்க்க முடியும். இத்தாலியின் கால்நடை வைராலஜி நிபுணர் இலாரியா காப்புவா, நைஜீரியக் கோழியின் வைரஸ் வரிசையை அங்கே போட மறுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும் ஜென்பேங்கில் போட்டுவிட்டு, மற்றவர்களையும் அப்படியே செய்யச் சொன்னார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. ஆனால் அடுத்த வருடமே இந்தோனேசியா வைரஸ் மாதிரி தரமாட்டேன் என்றது, அதன் காரணத்தையும் கேட்க வேண்டும். அவர்கள் நாட்டு நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸை வைத்து வெளிநாட்டு நிறுவனம் தடுப்பூசி செய்கிறது, அவர்களைக் கேட்கவில்லை, அந்தத் தடுப்பூசியை அவர்களால் வாங்கவும் முடியாது. அப்போதைய சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி இதை வெளிப்படையாகக் கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் பலர் விழித்தார்கள். 2008இல் வந்த கிசெய்ட் தரவுத்தளமும், 2011இல் உலக சுகாதார நிறுவனத்தில் ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று இன்ஃப்ளுயன்சா உடன்பாடும் இந்தச் சண்டையிலிருந்து பிறந்தவை. கிசெய்டில் பதிவு செய்துகொண்டு உள்ளே போய் யாரும் பார்க்கலாம், ஆனால் வரிசை தந்தவரைக் குறிப்பிட வேண்டும். குறைகள் உண்டு, இருந்தாலும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

மரத்தைப் பார்க்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அதிகம் மாதிரி எடுத்துப் படிக்கும் நாடுதான் மரத்தில் அதிகம் தெரியும். ஐரோப்பாவில் ஒரு அன்னம் செத்தால் வரிசை வந்துவிடும். நம் பக்கம் குளத்தங்கரையில் பத்துக் காகம் செத்துக் கிடந்தால் பெரும்பாலும் குழிதோண்டிப் புதைத்துவிட்டுப் போகிறோம். படிக்காத கிளை மரத்தில் இல்லாத கிளையாகத் தெரியும், இல்லாமல் போய்விடாது.

2024 மார்ச் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து திரும்பிய இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று கடுமையான காய்ச்சலோடு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மருத்துவமனையில் சேர்ந்தது, தீவிர சிகிச்சை வரை போய்ப் பிழைத்தது. வைரஸின் பெயர் ஏ/விக்டோரியா/149/2024. பெயரில் விக்டோரியா என்று இருக்கிறது, மாதிரி எடுத்தது அங்கே என்பதால். ஆனால் எச்5 வரிசை 2.3.2.1ஏ, இந்தியாவிலும் வங்கதேசத்திலும் கோழிகளிடம் சுற்றும் கிளை, உள்ளே சில துண்டுகள் 2.3.4.4பியிலிருந்து வந்து கலந்திருந்தன. அப்படியொரு கலப்பு தெற்காசியாவில் எங்கோ நடந்திருக்கிறது என்று உலகம் தெரிந்துகொண்டது மெல்பர்னில் ஒரு குழந்தையின் மூக்குச்சளியிலிருந்து. குழந்தை பிப்ரவரி 12 முதல் 29 வரை கொல்கத்தாவில் இருந்தது என்ற பயணத் தேதி பக்கத்தில் இருந்ததால்தான் வரிசையும் ஊரும் பொருந்தின. நோய்வாய்ப்பட்ட பறவையையோ மனிதரையோ நெருங்கியதாகக் குடும்பத்தாருக்கு நினைவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் குறிப்பு சொல்கிறது. ஏதோ ஒரு கோழியோ வாத்தோ காகமோ அந்த வைரஸை வைத்திருந்தது. அதன் தொண்டையில் யாராவது பஞ்சுக்குச்சி விட்டிருந்தால், பெயரின் நடுவில் அந்தப் பறவை இருந்திருக்கும், விக்டோரியா இருக்கும் இடத்தில் நம் ஊர்களில் ஒன்று இருந்திருக்கும்.